அடியில் எட்டு ஓட்டை

ஜனவரி 9

அண்ணா,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. உறையைக் கிழிக்கும் வரையாவது கையில் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். உன் கப்பல் பட்டறையின் விலாசம் அம்மாவிடம் இருந்தது. எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். பிக்கப் வண்டியைச் சரி செய்யப் போகிறேன்.

செடித் தோட்டத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி மூன்று வருஷமாக நிற்கிறதே, அதே வண்டிதான். உடைந்த அன்று இழுத்து வந்து நிறுத்தியதோடு சரி, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. போன வாரம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு டயரும் சப்பையாகிக் கிடக்கின்றன. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூனை குடித்தனம் நடத்துகிறது. அது என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் காலி செய்ய வேண்டியவள் போல இருந்தது.

வாடகை வண்டிக்காரர் செடிகளைச் செங்கல் மாதிரி அடுக்குகிறார். போன மாதம் நாற்பது ரோஜாத் தொட்டிகள் நுனி ஒடிந்து போய்ச் சேர்ந்தன. கேட்டால், "செடிதானே தங்கச்சி, மறுபடி முளைக்கும்" என்கிறார். தோட்டத்தை இப்போது பெரும்பாலும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நமக்கென்று ஒரு வண்டி இல்லாமல் இனி ஓட்ட முடியாது.

அப்பாவின் கால் பரவாயில்லை. இரண்டு விரல் போனதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. செருப்பு கழன்று விழும்போது மட்டும் செருப்பைத் திட்டுகிறார். உன்னைப் பற்றியும் பேசுவதில்லை. "ஒட்டுப் போட்ட எடம்தானே விட்டுப்போச்சு" என்று ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன ஒரு வரியை எடுத்துக்கொண்டு நீ கிளம்பிப் போனாய். அவரும் அந்த வரியிலேயே நின்றுவிட்டார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பத்தொன்பது வயதில் நீ வண்டியின் அடிச்சட்டத்தில், சேசிஸின் வலது பக்கத்து நீள இரும்பில், ஒரு தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டினாயே, அதன் கனம் என்ன? எதுவரை ஒட்டினாய்? தெரிந்தால்தான் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய முடியும்.

உன் தங்கை


ஜனவரி 20

குசும்பி,

இரும்புக்குப் போட்டுவிடு.

தகட்டின் கனத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்? அது தாங்கவில்லை. அப்பா பின்னால் நின்று தொட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது வண்டி மடிந்து அவர் காலில் உட்கார்ந்தது. அவ்வளவுதான் அதன் கதை. துருப்பிடித்த சேசிஸை நோண்டாதே. நோண்ட நோண்டப் போய்க்கொண்டே இருக்கும்.

அம்மாவிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணா,

"குசும்பி" என்று ஆரம்பித்திருந்தாய். மீதியைக் கோபத்தில் எழுதியிருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்காகக் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

இரும்புக்குப் போடவில்லை. நேற்று வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் சேர்த்தாயிற்று. ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பட்டறை வந்திருக்கிறது. நடத்துகிறவரை எல்லாரும் வோல்டேஜ் அக்கா என்கிறார்கள். அவர் வெல்டிங் மெஷினைப் போட்டால் தெரு முழுக்க விளக்கு மங்கும். நாற்பத்தைந்து வயது இருக்கும், முன்கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு என்னைக் கேட்டார்.

"யாரு ஓட்டப் போறா?"

"நான்."

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு."

"தைரியம்?"

"பாதி இருக்கு."

"மீதியை நான் வெல்டு பண்ணித் தரேன், வா."

வண்டியை இழுக்கும்போது அப்பா வெளியே வந்து நின்றார். நான் தயாராக இருந்தேன். என்னென்ன சொல்வார், என்ன பதில் சொல்லலாம் என்று இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். "எங்க கொண்டு போற?" என்றார். "பட்டறைக்கு" என்றேன். கயிற்று முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். "உள்ள பூனை இருக்கு, பாத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தயாரித்த பதில்கள் எல்லாம் வீண்.

சாமான் ஏற்றுகிற பழைய பின்பாடியைக் கழற்றி எறிந்துவிட்டோம். அது சல்லடை. புதிதாகத் தட்டையாக, பக்கச்சுவர் இல்லாமல், மூன்று பக்கமும் நின்று செடி ஏற்றுகிற மாதிரி ஒரு தளம் கட்டப் போகிறோம். அதற்கு முன்னால் சேசிஸ். சனிக்கிழமை வெட்டுவோம் என்றார் அக்கா. உன் பதில் வரும்வரை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் முடியாது. தெரிந்தவன் நீ. தெரியாதவர்கள் வெட்டுவதை வேடிக்கை பார்ப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

தங்கை


பிப்ரவரி 11

குசும்பி,

மிரட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாய். சரி, எழுதிக்கொள்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றணும். டீசல் டேங்க்கை இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளி வைக்கணும். இது உன் அக்காவுக்குத் தெரியும், இருந்தாலும் நீ நின்று பார்.

வெட்டுவதற்கு முன்னால் வண்டியைச் சம தரையில் தூக்கி நிறுத்தி நாலு மூலையிலும் முட்டுக் கொடுக்கணும். பிறகு குறுக்காக மூலைக்கு மூலை அளக்கணும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்கணும். ஒட்டி முடித்த பிறகு மறுபடி அள. வித்தியாசம் வந்தால் வண்டி வாழ்நாள் முழுக்க நண்டு மாதிரி போகும்.

புதுத் தகட்டை நேராக வெட்ட விடாதே. இரண்டு நுனியையும் சாய்வாக வெட்டணும். நேர்கோட்டில் ஒட்டினால் பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே மடியும். நான் போட்டதும் சாய்வுதான். அப்படியும் மடிந்தது. எங்கே தப்பு செய்தேன் என்று மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் ஒட்டை வெட்டித் தூரப் போடச் சொல். படம் எடுத்து அனுப்பாதே.

அப்பா அவ்வளவுதான் சொன்னாரா? பூனையை மட்டுமா?

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

உட்கார்ந்திருக்கிறாயா? உட்கார்ந்து படி.

உன் ஒட்டு விடவில்லை.

வெட்டுவதற்கு முன்னால் அக்கா சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். முன்பக்கத்திலிருந்து ஒரு சாண் ஒரு சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துப் படுத்திருந்தேன். கணீர், கணீர் என்று வந்துகொண்டிருந்தது. உன் தகடு வந்தபோது டார்ச்சை நெருக்கிப் பிடித்தேன். கணீர். மறுபடி தட்டச் சொன்னேன். கணீர்.

"யாரு போட்டது?" என்றார் அக்கா.

"எங்க அண்ணன். பத்தொம்பது வயசுல."

"கை சுத்தமான கை."

அதற்குப் பின்னால் இரண்டடி தள்ளித் தட்டினார். மொத்தென்று ஒரு சத்தம். இன்னொரு முறை தட்டினார், சுத்தியல் உள்ளே போய்விட்டது. மேலே நீ வாங்கிக் கொடுத்த கறுப்புத் தார்ப் பூச்சு அப்படியே பளபளவென்று இருக்கிறது. உள்ளே இரும்பே இல்லை, அண்ணா. சருகு மாதிரி அடுக்கடுக்காகத் துரு, அதோடு ஈர மண். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் கொட்டியது. வண்டி மடிந்தது அங்கேதான். அன்று எல்லாம் நசுங்கிக் கிடந்ததில், ஒட்டுக்குப் பக்கம் என்றதும் ஒட்டுதான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டோம். யாரும் குனிந்து பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை.

அப்பாவிடம் அன்றே ஓடிப் போய்ச் சொன்னேன். தொட்டிக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார். கை மண்ணைத் தட்டாமலே எழுந்து நின்றார்.

"சரியாப் பாத்தியா?"

"அக்கா பாத்தாங்க."

"அவ பாத்தா சரிதான்."

அன்று சாயங்காலம் வரை ஒரே தொட்டியில் மூன்று செடியாக நட்டுக்கொண்டிருந்தார். அம்மா பிடுங்கிப் பிடுங்கிப் பிரித்து வைத்தாள்.

அழுகிய இரும்பை மட்டும் வெட்டி எடுத்தாயிற்று. உன் ஒட்டை வெட்டவில்லை. அது இருக்கட்டும் என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம். புது இரும்பை அதற்குப் பின்னாலிருந்துதான் தொடங்குகிறோம், நுனி சாய்வாக. மூலைக்கு மூலை அளந்தாயிற்று.

தங்கை


மார்ச் 5

குசும்பி,

கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்தேன்.

நம்ப முடியவில்லை. நீ என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாயோ என்று முதலில் தோன்றியது. ஆனால் சுத்தியல் உள்ளே போனதை இட்டுக்கட்ட உனக்கு வராது. நீ புத்தகத்தில் படித்த பொய்தான் சொல்வாய்.

இங்கே என்னை டபுள் என்று கூப்பிடுவார்கள், தெரியுமா? போட்ட வெல்டிங்கின் மேலேயே இன்னொரு வரி போடுவேன். ஒரு தடவை போட்டதை நம்பி நகர முடியாது. தட்டிப் பார்ப்பேன், தேய்ப்பேன், மறுபடி போடுவேன். மேஸ்திரி கேலி செய்வார்: "டபுளுக்குப் பொண்ணு பாத்தா ரெண்டு தடவை தாலி கட்டுவான்." எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். காரணம் யாருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. மேல் பூச்சு நன்றாக இருக்கும்போது, ஒட்டுப் போட்ட ஆறு வருஷத்தில் உள்ளிருந்து அப்படி அழுகாது. அந்த நீள இரும்பு குழாய் மாதிரி உள்ளே கூடு. தண்ணீர் போகும், போகத்தான் செய்யும். வெளியே வருவதற்கு அடியில் ஓட்டை இருக்கும், பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. அந்த ஓட்டைகளைப் பார்த்துச் சொல். அடைத்திருந்தால் புது இரும்பும் அதே கதிதான்.

இன்னொன்று. உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியை அடித்திருக்கிறாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "ஆனால்" என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் என்ன?

அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை ஆரம்பித்துவிட்டேன். முதல் நான்கும் நன்றாக எழுதப்பட்டிருந்தன. நன்றாக எழுதினால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. அதனால் கிழித்துப் போட்டேன்.

ஓட்டைகள் எட்டும் அடைத்திருந்தன. அடைத்தது நான்.

எனக்குப் பதினைந்து வயது, லீவு நாள். நீ ஒட்டுப் போட்டு முடித்துவிட்டு ஒரு டின் தாரும் பிரஷும் என் கையில் கொடுத்தாய். "ஒரு பொட்டு எடம் விடாம பூசு. தண்ணி உள்ள போச்சுன்னா வண்டி அவ்ளோதான்" என்றாய். அடியில் படுத்துப் பூசிக்கொண்டே வந்தேன். ஓட்டை தெரிந்தது. ஒன்று, இரண்டு, எட்டு. இவ்வளவு பெரிய ஓட்டையை அண்ணன் கவனிக்காமல் விட்டிருக்கிறானே என்று நினைத்தேன். அவன் சொல்லாததையும் செய்து வைத்தால் அசந்துபோவான் என்று தோன்றியது. ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து வட்டம் வட்டமாக வெட்டி, எட்டையும் இறுக்கமாக அடைத்து, மேலே மூன்று கை தார் பூசினேன். நீ வந்து குனிந்து பார்த்து, "பரவாயில்லையே குசும்பி, நல்லா பூசியிருக்க" என்றாய். ஒரு வாரம் காலே தரையில் படவில்லை.

அக்கா பழைய இரும்பை வெட்டிப் போட்ட அன்று தரையில் ஒரு நீல வட்டம் உருண்டு வந்தது. "இது என்னடி, பொத்தானா?" என்றார். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. உனக்கு நல்ல செய்தி எழுதிய அன்று அது என் பாவாடைப் பையில் இருந்தது. அந்த அடித்த வரி அதுதான்.

யோசித்துப் பார். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறேன், தொட்டிக்கு அடியில் ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும் என்று. ஒரு அம்மா போன வாரம் பீங்கான் கிண்ணத்தில் செடி வைத்துத் தரச் சொன்னார். ஓட்டை இல்லை, தர மாட்டேன் என்று சண்டை போட்டு அனுப்பினேன். செடிகளிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டுகிற வண்டிக்கு மட்டும் எட்டு ஓட்டையையும் என் கையாலேயே அடைத்திருக்கிறேன்.

அப்பாவின் விரல்களுக்கும் உன் மூன்று வருஷத்துக்கும் நான்தான் காரணம். தெரியாமல் செய்தேன் என்பது உண்மை. தெரிந்த பிறகு ஒரு மாதம் சொல்லாமல் இருந்தேன் என்பதும் உண்மை. முதலாவதற்கு நீ மன்னித்துவிடுவாய் என்று தெரியும். இரண்டாவதற்குத்தான் எனக்குப் பயம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லப் போகிறேன். முதலில் தெரிய வேண்டியவன் நீ.

தங்கை


மார்ச் 30

குசும்பி,

உன் கடிதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சாயங்காலம் வரை உன் மேல் நல்ல கோபத்தில் இருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன். ஒரு மாதம் வைத்திருந்தாய் பார், அது.

வேலை முடிந்து குளிக்கும்போது திடீரென்று அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. நீல ரப்பர்ச் செருப்பு! இடது கால்! வாங்கி நான்கே நாள். எதிர்வீட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேனே. அவர் வேறு "எங்க நாய் அந்த மாதிரி நாய் இல்ல தம்பி" என்றார். அந்த நாயைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வருஷம் முறைத்தேன். அது பாவம், வாலை ஆட்டிக்கொண்டே முழிக்கும். குளியலறையில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டினான்.

சிரித்து முடித்ததும் என்னென்னவோ வந்தது. அதை எழுத வேண்டாம்.

நீ எழுதியதில் ஒரு கணக்கு விட்டுப்போயிருக்கிறது. "ஒரு பொட்டு எடம் விடாதே" என்றது யார்? நான். ஓட்டையை விட்டுப் பூசு என்று சொல்ல மறந்தது? நான். குனிந்து பார்த்து, எட்டு ஓட்டை எங்கே போயிற்று என்று கேட்காமல் நல்லா பூசியிருக்க என்றது? அதுவும் நான்தான். என் ஒட்டு அழகாக இருக்கிறதா என்று மட்டும்தான் அன்றைக்குப் பார்த்தேன். உடைந்த பிறகும் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் என் தப்பு கண்ணில் படும் என்று பயந்து ஓடிவந்தேன். பதினைந்து வயதுப் பெண் தலையில் இதையெல்லாம் கட்ட மாட்டேன். நீயும் கட்டிக்கொள்ளாதே.

இனி வேலை. புதுத் தளத்தைச் சேசிஸோடு வெல்டு பண்ணவே கூடாது. ஓடும்போது சேசிஸ் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும், கொடுக்கணும். இறுக்கி ஒட்டினால் வேறு எங்காவது விரியும். இடையில் கனமான ரப்பர் வைத்து, நீள போல்ட் போட்டுப் பிடி. பலகைகளுக்கு நடுவே விரலளவு சந்து விடு. சந்துக்குக் கீழே தகரத்தில் வாய்க்கால் மாதிரி வளைத்து, தண்ணீர் சக்கரத்துக்கு வெளியே விழுகிற மாதிரி வை. சேசிஸ் மேல் ஒரு சொட்டு விழக் கூடாது. அப்பாவுக்கு எட்டும் உயரம் எவ்வளவு என்று அளந்துகொண்டு கட்டு.

அப்பா என்ன சொன்னார்? பூனை என்று எழுதாதே.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

நான் சொன்னபோது அப்பா முருங்கைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ மூணு வருஷமா நான் தப்பான ஆள் மேல கோவமா இருந்திருக்கேன்."

"ஆமாப்பா."

"உன் மேலதான் கோவப்பட்டிருக்கணும்."

"ஆமாப்பா."

"இன்னைக்குத் தெம்பு இல்ல. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் காலை நான் முகம் கழுவக்கூட இல்லை, வந்து நின்றார். "யோசிச்சுப் பாத்தேன். உர டிரம்மை வண்டி மேல வெச்சே கழுவினது யாரு?" "நீங்க." "அந்தத் தண்ணிதானே உள்ள போயிருக்கும்?" "ஆமா." "ம்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "அப்பன், புள்ள, பொண்ணு மூணு பேரும் சேந்து ஒரு வண்டியைக் கொன்னுருக்கீங்க. என்னை மட்டும் ஏன் சேத்துக்கல?" அப்பா சிரித்தார். நான் அழுதேன். எல்லாம் தலைகீழ்.

தளம் முடிந்துவிட்டது. நீ சொன்ன ரப்பர், சந்து, வாய்க்கால், எல்லாம் அப்படியே. உயரம் அப்பாவின் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது, தூக்க வேண்டாம், தள்ளினால் போதும். ஓரம் முழுக்கக் கயிறு கட்ட வளையம். அக்கா தன் பங்குக்குப் பின் ஓரத்தில் மடக்குப் படி ஒன்று வைத்தார். "உங்கப்பாவுக்குன்னு சொல்லாத, உனக்குன்னு சொல்லு" என்றார்.

எட்டு ஓட்டையையும் திறந்துவிட்டு, தளத்தை மேலே ஏற்றும் முன் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். அப்பா பட்டறைக்கே வந்துவிட்டார். முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் குழாயை ஒவ்வொரு நீள இரும்பின் முன்வாயிலும் வைத்தேன். வலது பக்கம் நாலும் வந்தது. இடது பக்கம் அப்பா ஒவ்வொன்றாக எண்ணினார். "அஞ்சு... ஆறு... ஏழு வரலையே." அவர் ஒரு கம்பியை வாங்கி, முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் படுத்து, ஏழாவது ஓட்டையில் குத்தினார். காய்ந்த பிரைமர் பூச்சுக் கட்டி ஒன்று விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. மூக்கு, மீசையெல்லாம் சொட்டச் சொட்ட, படுத்தபடியே "ஏழு... எட்டு" என்றார்.

இரண்டு போல்ட் மட்டும் பாக்கி, பின்பக்கம் இரண்டு மூலையிலும். நட்டுகளைக் கையால் சுற்றி விட்டிருக்கிறேன், ஸ்பேனர் போடவில்லை. போடப் போனபோது அப்பா தடுத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அதை அவன் வந்து முறுக்கட்டும். அவன் முறுக்கினாத்தான் நான் வண்டிக்குப் பின்னாடி நிப்பேன்."

பூனை வண்டியைக் காலி செய்ய மறுக்கிறது, பக்கத்து இருக்கைக்கு மாறியதோடு சரி. நீ வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

தங்கை


மே 12

குசும்பி,

ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த மூட்டையில் பாதியைப் பஸ்ஸிலேயே பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்து வாங்கிவிட்டார்.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. நீ சாவி எடுக்க உள்ளே போயிருந்தபோது நடந்தது. இரண்டு போல்ட்டையும் முறுக்கி முடித்தேன். பழக்கதோஷம், மறுபடி ஒரு சுற்றுப் போட ஸ்பேனரை மாட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும்டா. பிடிச்சிருச்சு" என்றார். பிறகு நடந்துபோய் வண்டிக்குப் பின்னால், அன்றைக்கு நின்ற அதே பக்கம், நின்றுகொண்டு, "ஏத்து" என்றார். நீ வந்தபோது நாங்கள் தொட்டி ஏற்றிக்கொண்டிருந்தோமே, அதற்கு முன்னால் இவ்வளவுதான் நடந்தது. எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நேற்று இங்கே ஒரு படகின் அடித்தகடு வந்தது. நீள வரி, ஏழடி இருக்கும். ஒரே மூச்சில் போட்டேன். முகமூடியைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு தட்டு தட்டினேன். சத்தம் சரியாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினேன்.

மேஸ்திரி வழியை மறித்தார். "என்ன டபுள், ஒடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேண்ணே" என்றேன்.

அண்ணன்